புதிய பசளையை உங்கள் வயலிலேயே சோதித்தறியும் முறை

கமக்காரர்களே,

ஒவ்வொரு போகமும் தொடங்குங்காலத்தில் புதிய பசளை ஒன்றோ, இலையில் விசிறும் திரவம் ஒன்றோ, புதிய விதையினம் ஒன்றோ உங்கள் ஊர்க் கடைக்கு வந்து சேருகின்றது. விற்பவர் அதன் பெருமையை எடுத்துரைப்பார். அயலிலுள்ள கமக்காரர் ஒருவரும், "சென்ற போகம் நான் விசிறினேன், ஏக்கருக்குப் பத்துப் புசல் கூட விளைந்தது" என்று சாட்சி கூறுவார். அவர் பொய்யுரைப்பவரல்லர், பத்துப் புசல் கூட விளைந்தமை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அதனை விளைவித்தது அந்தத் திரவந்தானா என்பதை அவரும் அறியார். அதனை அறியாமலே நீங்கள் உங்கள் வயல் முழுவதற்கும் அதனை வாங்குவீர்களாயின், போகந்தோறும் வீணே பணத்தை இழக்க நேரிடலாம். உண்மையில் நன்மை தருவதொன்றை, ஒருமுறை பார்த்துப் பயனில்லையென்று கைவிட்டு நட்டமடைதலும் இவ்வாறே நேருகின்றது.

சென்ற போகத்தில் அக்கமக்காரரின் வயலில் அத்திரவம் ஒன்று மட்டுமா புதிதாக வந்தது? மழை காலத்தோடு பெய்திருக்கலாம். வாய்க்கால் நீர் தட்டுப்பாடின்றிக் கிடைத்திருக்கலாம். அதற்கு முந்திய போகத்திற் பயிரை வருத்திய அறக்கொட்டி அப்போகத்தில் வராமலிருந்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கியதை விசிறிய வயலாதலின், அவர் வழமையிலும் கவனமாகக் களை பிடுங்கியிருக்கவுங்கூடும். ஆகவே ஒரு போகத்தை இன்னொரு போகத்துடன் ஒப்பிடுதல் பயன்படாது. புதியதையும் பழையதையும் ஒரே போகத்தில், ஒரே வயலில், அருகருகே வைத்து ஒப்பிடல் வேண்டும்.

"அப்படியாயின் வயலை நடுவே பிரித்து ஒரு பாதிக்குப் புதியதை விசிறி, மறுபாதியை விட்டுவிட்டாற் போதுமே" என்று நீங்கள் கூறலாம். போதாது. ஒரே வயலின் மண்ணும் இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. இதனை அளந்து காட்டிய பழைய பரிசோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்திலே ரொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் 1843ஆம் ஆண்டு தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், 1910ஆம் ஆண்டு அறுவடையின்போது, மேர்சர், ஹோல் என்னும் இருவர் ஓர் ஏக்கர் கோதுமை வயலை 500 சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டி நிறுத்தனர். இனம் ஒன்று, விதைத்த நாள் ஒன்று, இட்ட பசளை ஒன்று. கண்ணுக்கும் அது சீரான வயலாகவே தோன்றிற்று. எனினும் தானியம் மிகக் குறைந்த துண்டு தந்தது 2.73 இறாத்தல், மிகக் கூடிய துண்டு தந்தது 5.16 இறாத்தல். கூடியது குறைந்ததன் இருமடங்கை நெருங்குகின்றது! அந்த இரு துண்டுகளில் ஒன்றுக்கு யாரேனும் புதிய பசளை இட்டிருந்தால், அதன் புகழோ இகழோ ஊரெங்கும் பரவியிருக்கும்.

அதே நிலையத்திற்கு 1919ஆம் ஆண்டு வந்து சேர்ந்த ரொனால்ட் பிஷர் என்னும் புள்ளிவிபரவியல் அறிஞர், மண்ணின் இவ்வேறுபாட்டை நீக்க முடியாதெனினும் அது நம்மை ஏமாற்றாதவாறு பரிசோதனையை அமைக்கலாம் என்று காட்டினார். 1926ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையிற் கூறிய வழிகளையே இன்றும் உலகெங்குமுள்ள ஆராய்ச்சி நிலையங்கள் பின்பற்றுகின்றன. அவற்றைச் செய்வதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு நாணயம், ஒரு தராசு, ஒரு குறிப்புப் புத்தகம், சில தடிகள் ஆகியவை போதும்.

இலையில் விசிறும் திரவம் ஒன்றை நெல்லிற் சோதிக்க விரும்புகின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் வயலை நன்கு நோக்குங்கள். நீர் உட்புகும் வாய்க்கடை எங்கே, நீர் வடியும் பள்ளம் எங்கே, வண்டல் படிந்த இடம் எது, மரநிழல் விழும் இடம் எது என்பவற்றை உங்களைவிட அறிந்தவர் எவருமிலர். மேற்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கம் வரை ஆறு இடங்களைத் தெரிந்துகொண்டு, ஒவ்வோரிடத்திலும் 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமுமுள்ள இரண்டு துண்டுகளை அருகருகே தடி நாட்டிக் குறியுங்கள். இவ்விரண்டும் ஓர் இணையாகும். ஓர் இணையிலுள்ள இரு துண்டுகளும் மண்ணாலும் நீராலும் கூடியவரை ஒத்திருத்தல் வேண்டும்; இணைக்கும் இணைக்குமிடையே வேறுபாடு இருப்பினும் குற்றமில்லை. மேட்டுத்துண்டை மேட்டுத்துண்டோடும் பள்ளத்துண்டைப் பள்ளத்துண்டோடும் ஒப்பிடுவதே இதன் நோக்கம்.

இனி, ஒவ்வோர் இணையிலும் எத்துண்டுக்குத் திரவத்தை விசிறுவது? இதனை நீங்கள் தெரியலாகாது. நீங்கள் தெரிந்தால், பயிர் செழித்துள்ள துண்டுக்கே கை செல்லும். இரக்கமுள்ளவர் சிலருக்கு மெலிந்த துண்டின்மேற் கை செல்லும். இரண்டும் ஒப்பீட்டைக் கெடுக்கும். (காட்சிக்கென அமைக்கப்படுந் துண்டுகள் பெரும்பாலும் தெருவோரத்து நல்ல மண்ணிலேயே இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றைப் பார்த்து மகிழலாம், அவற்றைக்கொண்டு கணக்கிடலாகாது.) ஆதலால் இணைக்கு ஒரு முறையாக நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் இடப்பக்கத் துண்டுக்கும், மறுபக்கம் விழுந்தால் வலப்பக்கத் துண்டுக்கும் புதியதை விசிறுங்கள். மூன்று வகைகளை ஒப்பிடுவதாயின் திருவுளச்சீட்டு எடுக்கலாம். இதுவே எழுமாற்று முறை எனப்படும். நாணயம் கூறியது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்று மீண்டுஞ் சுண்டுதல் கூடாது.

விசிறாது விடும் துண்டுக்கு அதேயளவு வெறும் நீரை, அதே நாளில், அதே விசிறியினால் விசிறுங்கள். விசிறியிற் பழைய மருந்து தங்கியிராதவாறு முதலிற் கழுவுங்கள். மற்றப் பசளை, களை பிடுங்கல், நீர் கட்டல் ஆகிய யாவும் இரண்டு துண்டுகளுக்கும் ஒரேவிதமாக இருத்தல் வேண்டும். திரவத்தோடு யூரியாவையுங் கூட்டி இட்டுவிட்டு, விளைவு எதனால் வந்தது என்று பின்னர் கேட்பதிற் பொருளில்லை. காற்று வீசும் வேளையில் விசிறினால் ஒரு துண்டின் மருந்து மற்றதன்மேற் படியுமாதலால், காற்றடங்கிய காலைவேளையே ஏற்றது.

மண்ணில் இடும் பசளையைச் சோதிப்பதாயின் இன்னுமொரு கவனம் வேண்டும். நீரோடு பசளையும் ஓடும். ஆகவே துண்டுகளைச் சுற்றிச் சிறு வரம்பு கட்டி, ஒரு துண்டின் நீர் மற்றதற்குட் பாயாதவாறு தனித்தனி வாய் வைத்தல் வேண்டும். பசளையைக் கையளவாக இடாது நிறுத்தே இடுங்கள். ஒரு தவணைக்கு ஏக்கருக்கு 20 கிலோகிராம் இடுவதாயின், மேற்கூறிய 20 சதுர மீற்றர்த் துண்டுக்கு ஏறக்குறைய 100 கிராமே வேண்டும். இதனை வீட்டிலேயே நிறுத்துத் தனித்தனிப் பைகளிற் கட்டிக்கொண்டு வயலுக்குச் செல்லுதல் நன்று.

அறுவடையின்போது துண்டின் ஓரங்களை விட்டுவிடுங்கள். ஓரத்துப் பயிர் காற்றும் வெளிச்சமும் கூடுதலாகப் பெறும். அயற்றுண்டின் பசளையையும் உறிஞ்சும். நான்கு பக்கத்திலும் அரை மீற்றர் நீக்கி, உள்ளேயுள்ள 4 மீற்றருக்கு 3 மீற்றரான பகுதியை மட்டும் வெட்டிச் சூடடியுங்கள். அப்பகுதி 12 சதுர மீற்றர். ஏக்கரொன்றில் இத்தகைய பகுதிகள் ஏறத்தாழ 337 அடங்கும். எனவே தராசில் 100 கிராம் பிழைத்தால், ஏக்கர்க் கணக்கில் 34 கிலோகிராம் பிழைத்துவிடும். ஈரமும் ஏமாற்றும். நூற்றுக்கு 20 பங்கு ஈரப்பதனுள்ள 100 கிலோகிராம் நெல், நூற்றுக்கு 14 பங்காகக் காய்ந்தபின் 93 கிலோகிராமே நிற்கும். ஆகவே எல்லாத் துண்டுகளின் நெல்லையும் ஒன்றுபோல் உலர்த்தியபின் நிறுங்கள். சாக்குகளில் இலக்கம் மட்டும் எழுதி, எது எத்துண்டினது என்றறியாத ஒருவரைக்கொண்டு நிறுப்பித்தல் மேலும் நன்று.

விளங்கிக்கொள்ளும்பொருட்டுச் சில எண்களை நாமே அமைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக ஆறு இணைகளில், நீர் மட்டும் விசிறிய துண்டுகள் முறையே 6.4, 6.1, 5.9, 5.6, 5.2, 4.9 கிலோகிராம் தந்தன. புதிய திரவம் விசிறிய துண்டுகள் முறையே 6.6, 6.5, 5.8, 5.9, 5.3, 5.2 கிலோகிராம் தந்தன. ஐந்து இணைகளிற் புதியது முந்தியது. மூன்றாவது இணையிற் பிந்தியது. சராசரி வேறுபாடு 0.2 கிலோகிராம், ஏக்கருக்கு ஏறக்குறைய 67 கிலோகிராம்.

இப்பொழுது நீர் மட்டும் பெற்ற துண்டுகளை மாத்திரம் பாருங்கள். மேலிருந்த மூன்றின் சராசரி 6.1 கிலோகிராமுக்குச் சற்று மேல். கீழிருந்த மூன்றின் சராசரி 5.2 கிலோகிராமுக்குச் சற்று மேல். வேறுபாடு 0.9 கிலோகிராம், அதாவது ஏக்கருக்கு 300 கிலோகிராம். நீங்கள் வயலை நடுவே பிரித்து மேற்பாதிக்கு வெறும் நீரையும் கீழ்ப்பாதிக்கு ஒன்றுமின்றியும் விட்டிருந்தால், வெறும் நீரே ஏக்கருக்கு 300 கிலோகிராம் கூட்டித் தந்ததென்று எண்ணியிருப்பீர்கள். திரவத்தைக் கீழ்ப்பாதிக்கு விசிறியிருந்தாலோ, அது பயிரைக் கெடுத்ததென்று போத்தலை எறிந்திருப்பீர்கள்.

ஆறில் ஐந்து வெற்றி என்பது போதுமா? இங்குதான் பலர் அவசரப்படுகின்றனர். நாணயத்தை ஆறுமுறை சுண்டினால் 64 விதமாக விழலாம். அவற்றுள் ஆறும் தலையாவது ஒரு விதம். ஐந்து தலையாவது ஆறு விதம். ஆகவே, 64 கமக்காரர் போத்தலில் வெறும் நீரையே அடைத்து இப்பரிசோதனையைச் செய்தாலும், அவர்களுள் ஏறத்தாழ 7 பேர் ஐந்து அல்லது ஆறு இணைகளில் "புதியது" முந்தியதைக் காண்பர். ஒன்பதில் ஒருவர்! அவர்களே ஊரிற் சாட்சி சொல்பவர்கள், மற்றவர்கள் பேசாதிருந்துவிடுவர். ஆனால் அடுத்த போகத்திலும் வேறு ஆறு இணைகள் வைத்து, மீண்டும் ஐந்தில் வெற்றி கண்டீர்களாயின், பன்னிரண்டிற் பத்து அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருதல் 52இல் ஒன்று மாத்திரமே. அப்பொழுது நம்பத் தொடங்கலாம். ஒரே ஓர் இணையை வைத்தவருக்கோ, தற்செயலும் உண்மையும் பாதிக்குப் பாதியாகவே தெரியும். பரிசோதனையைப் பல இடங்களில் திரும்பச் செய்வதன் பயன் இதுவே. துண்டைப் பெரிதாக்குவதிலும், இணைகளைக் கூட்டுவதே சிறந்தது.

நம்பியபின்னும் கணக்கு முடியவில்லை. 67 கிலோகிராம் நெல்லின் விலை, ஓர் ஏக்கருக்கு வேண்டிய திரவத்தின் விலையையும் விசிறும் கூலியையும் விட மிகுமா என்று பாருங்கள். விளைவு கூடியும் இலாபம் கூடாதவை பலவுள.

மரக்கறித் தோட்டத்திற்கும் முறை இதுவே. சில மாற்றங்கள் மட்டும் வேண்டும். கிணற்றையடுத்த பாத்திகள், வேலியோர நிழலிலுள்ள பாத்திகள், முன்பு மாட்டெரு குவித்து வைத்த இடம் ஆகியவற்றை வெவ்வேறு இணைகளாகக் கொள்ளுங்கள். நாற்றுகள் ஒரே மேடையிற் பிடுங்கிய ஒரே வயதினவாதல் வேண்டும். நல்ல நாற்றுகளைப் புதிய பாத்திக்கெனத் தெரிந்து நடலாகாது. மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றில் முதற்பறிப்பை மாத்திரம் கண்டு முடிவு செய்யாதீர்கள். முந்திக் காய்ப்பது மொத்தத்திற் குறையலாம். ஆகவே ஒவ்வொரு பறிப்பையும் நிறுத்தெழுதி, இறுதியிற் கூட்டுங்கள். அழுகியவற்றையும் பூச்சி துளைத்தவற்றையும் தனியே நிறுங்கள். சந்தையில் விலைபோவது மற்றதே.

மாடு மேய்ந்தோ வரம்பு உடைந்தோ ஒரு துண்டு கெட்டுப்போனால், அதன் இணைத்துண்டையும் சேர்த்தே கணக்கினின்று நீக்குங்கள். அவ்வாறு நீக்குவதையும் நிறுக்கும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். நிறுத்தபின், விளைவு எதிர்பார்த்தபடி இல்லையென்பதற்காக எந்தத் துண்டையும் நீக்காதீர்கள். வயலின் படம், நாணயம் விழுந்த விதம், விசிறிய நாட்கள், நிறைகள் யாவற்றையும் புத்தகத்திற் குறித்து வைத்திருந்து, உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியர் வரும்போது காட்டுங்கள். வேறுபாடு எத்தனை கிலோகிராம் என்பதையும் சேர்த்து நுணுக்கமாகக் கணக்கிடும் முறைகள் உண்டு. அவற்றை அவர் உங்களுடன் இருந்து செய்து பார்ப்பார். அடுத்த போகத்துக்கான ஆறு இணைகளை விதைப்பதற்கு முன்னரே குறித்துவிடுங்கள்.