எலியின் நீச்சலும் மனிதனின் சோர்வும்

கள்ளக்குறிச்சியிலாயினும் கல்வராயன் மலையூர்களிலாயினும், தொழிலை விட்டு மூலையில் வாளாவிருப்பவனைக் கண்டால், சோம்பேறி என்பார் சிலர். பேய் பிடித்தவன் என்பார் சிலர். அது மனச்சோர்வு என்னும் நோயாகவும் இருத்தல் கூடும்.

இந்நோய்க்கு மருந்தேயன்றிக் காந்தமும் சிகிச்சையாகின்றது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை எழுப்பும் என்பதை 1831-இல் பாரடே கண்டார். அந்நெறிகொண்டு 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் பார்க்கர் முதலியோர், தலைமேல் கம்பிச்சுருளை வைத்து, மண்டையைத் திறவாமலே மூளையைத் தூண்டினர். 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்முறைக்குரிய கருவியொன்றை மனச்சோர்வுச் சிகிச்சைக்கு அனுமதித்தது.

சிகிச்சையால் மூளைக்குள் நிகழ்வதை அறிய ஆய்வாளர் எலிகளை நாடினர். போர்சோல்ட் 1977-இல் வெளியிட்ட சோதனையில், தப்ப வழியற்ற நீர்க்கலத்தில் விடப்பட்ட எலி சிறிது நேரம் போராடிப் பின் அசையாது மிதக்கும். சோர்வு நீக்கும் மருந்து பெற்ற எலி நெடுநேரம் போராடும். காந்தத் துடிப்புப் பெற்ற எலிகளும் அவ்வாறே செய்ததைச் சில ஆய்வுகள் காட்டின.

எனினும் ஐயங்கள் இரண்டு எழுகின்றன. மிதக்கும் எலி நம்பிக்கை இழந்ததோ, வலிமையைச் சேமிக்கின்றதோ? மேலும், மனிதமூளையில் ஒரு பகுதியைத் தூண்டும் சுருள், எலியின் சிறிய மூளை முழுவதையும் தாக்கிவிடும். ஆதலின் எலி வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறாது.

மனிதனுக்கோ வாயுண்டு. மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வாளாவிருப்பவன் அருகில் அமர்ந்து கேளுங்கள். மலையினின்று கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அவனை அழைத்து வாருங்கள். நாம் கற்ற அறிவியலின் முதற்பயன் அதுவே.