ஆசிரியர் தம்மை அளக்கும் எட்டு அளவைகள்

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்புடையது என்பது சைவசித்தாந்தத் துணிபு. பளிங்கானது தன்னருகே வைக்கப்பட்ட பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதல்போல, ஆன்மாவும் இருளைச் சார்ந்தவழி இருண்டும், அருளைச் சார்ந்தவழி ஒளிர்ந்தும் நிற்கும். இவ்வுண்மையை நாம் மாணாக்கருக்குச் சமயபாடத்திற் போதிக்கின்றோம். இஃது அப்பாட வேளையில் மாத்திரமன்று, வித்தியாசாலையில் நாம் நிற்கும் நேரமெல்லாம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை நினைப்பவர் சிலரே. ஓர் இளஞ்சிறுவன் நாடோறும் பல நாழிகை நம்மைச் சார்ந்திருக்கின்றான். நாம் சொல்லிய கணக்கையும் இலக்கணத்தையும் பரீட்சை கழிந்தபின் அவன் மறக்கவுங் கூடும். நாம் சினந்தவிதம், பொறுத்தவிதம், ஏழைப்பிள்ளையை நோக்கியவிதம் ஆகியவற்றை அவன் மறப்பதில்லை. ஆதலால், ஆசிரியர் தம்மைத் திருத்திக்கொள்ளுதலே அவர் கற்பிக்கும் முதற்பாடம் என்க.

திருத்துதற்கு முன்னே அளத்தல் வேண்டும். அளத்தற்கு அளவை வேண்டும். அவ்வளவைகளை 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே வகுத்து வைத்தனர். அவர் சமணர். ஆயினும், சைவாசாரத்தில் அணுவளவும் தளராத ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்து சைவ மாணாக்கருக்கு அளித்தார்கள். நாமோ அப்பகுதியைப் பரீட்சைக்கென மனனஞ்செய்து, பொருள் எழுதி, அவ்வளவில் விடுத்தோம். அங்கே நல்லாசிரியர்க்கு நான்கும், ஆசிரியராகார்க்கு நான்குமாக எட்டு உவமைகள் உள. அவற்றை ஒவ்வொன்றாக நம்மேல் வைத்துப் பார்ப்போம்.

நல்லாசிரியர்க்கு முதலுவமை நிலம். வலிகாமத்துச் செம்மண்ணை உழவன் கொத்துகின்றான், கிளறுகின்றான், மிதிக்கின்றான். அது பொறுத்துக் கிடந்து, பருவத்துக்கும் அவன் முயற்சிக்கும் ஏற்ற அளவில் விளைவு தருகின்றது. மந்தமாணாக்கன் ஒருவன் ஒரே பிழையைப் பத்தாந்தடவை செய்யும்பொழுது நமது பொறை எங்கே நின்றது என்பது இவ்வுவமையால் எழும் வினா.

இரண்டாவது மலை. அஃது அசையாது, மழை வறந்த காலத்தும் தன்னிடத்துள்ள வளத்தைச் சுரக்கும். நாவலரவர்கள் சம்பளத்தோடு கூடிய தொழிலை விடுத்து, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் யாழ்ப்பாணத்தை வருத்தியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார்கள். வறட்சியிற் சுரத்தல் என்பது இதுவே. நமக்குக் கைநிறைந்தபொழுது கொடுப்பது மலையின் இயல்பன்று. நாம் இளைத்திருக்கும் நாளிலும் வகுப்புக்குரியதை வகுப்புக்குக் கொடுப்பதே மலையின் இயல்பு.

மூன்றாவது நிறைகோல். அஃது ஐயத்தைத் தீர்க்கும். பொன்னையும் இரும்பையும் ஒருதன்மையாகவே நிறுக்கும். மாணாக்கன் ஐயம் வினாவுதலை அடங்காமையென்று கடிபவர் தராசின் நாவை முறித்தவராவர். விடை தெரியாதவழி, “நூலைப் பார்த்து நாளைக்குச் சொல்வேன்” என்பவர் சிறுமையுறார். அவர் அறிவைக் கற்பிப்பதோடு உண்மையையுங் கற்பிக்கின்றார். இனி, நடுவுநிலையை அறிதற்கு எளிய வழியொன்று உண்டு. இன்று வகுப்பில் எவரெவர் பெயரைச் சொல்லி அழைத்தோம் என மாலையில் எண்ணுக. செல்வர் பிள்ளையும் விவேகியும் பலமுறை அழைக்கப்பட்டிருப்பின், பின்வரிசையில் இருப்பவன் ஒருவாரமாக ஒருமுறையும் அழைக்கப்படாதிருப்பின், கோல் எப்பக்கம் சாய்ந்ததென்பது வெளிப்படும்.

நான்காவது மலர். மங்கலகாரியத்துக்கு இன்றியமையாதது, எல்லாரும் விரும்பி மேற்கொள்வது, உரிய பொழுதில் முகமலர்வது. வீட்டுத்துன்பத்தை வாயிலுக்குப் புறத்தே நிறுத்தி, மலர்ந்த முகத்தோடு வகுப்பினுட் புகுதல் ஒரு தவம். கடுகடுத்த முகத்தின் முன் பிள்ளைகள் அடங்கியிருப்பர், கற்கமாட்டார்.

இனி, ஆசிரியராகார்க்கு உரிய நான்கையும் கூறுவாம். முதலாவது கழற்குடம். கழற்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால், இட்டமுறையின்றிக் காய்கள் பிறழ்ந்து விழும். ஆயத்தஞ்செய்யாது வகுப்பிற் புகுந்து, முற்கூறவேண்டியதைப் பின்னும் பிற்கூறவேண்டியதை முன்னுமாகக் கொட்டுபவர் இக்குடத்தை ஒப்பர். கற்றறிவு குறைவானமையால் இக்குற்றம் வருவதன்று. முதனாளிரவில் அரைமணி நேரம் சோம்புதலால் வருவது.

இரண்டாவது மடற்பனை. இதனை நமக்கு விளக்கவேண்டுவதில்லை. கருக்குமட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பறிப்பவர் இலர். அது தானே உதிர்த்தபொழுது பொறுக்கலாம். தம் மனம் வந்தபோது கற்பித்து, மாணாக்கன் அணுகிக் கேட்கும்போது கருக்குப்போலக் கீறும் சொல்லால் விலக்குபவர் மடற்பனையாவர்.

மூன்றாவது பருத்திக்குண்டிகை. சிறுவாயுள்ள குண்டிகையிற் பஞ்சை வருந்தி அடைத்தால், எடுக்கும்போதும் வருந்தியே எடுக்கவேண்டும். வருந்திக் கற்றும், கற்றதைத் தம் பெருமைக்குரிய முதலாகப் பொதிந்து வைத்திருப்பவர் இத்தன்மையர். எளிதாகச் சொன்னால் மதிப்புக் குறையும் என்னும் எண்ணம் ஆணவத்தின் ஒரு கூறேயாம்.

நான்காவது முடத்தெங்கு. ஒருவன் தன் வளவிலே நட்டு, துலாவிட்டு இறைத்து வளர்க்கின்றான். அதுவோ வேலிக்கு அப்பாற் சாய்ந்து, அயலான் வளவிலே காயை விழுத்துகின்றது. இவ்வுவமை இக்காலத்தில் நம்மை மிகவுஞ் சுடவேண்டும். இலங்கையில் ஏழைப்பிள்ளையும் கட்டணமின்றிக் கற்கவேண்டுமென்னும் ஏற்பாடு 1945இல் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் பொருளால் வேதனம் பெற்று, காலையில் வகுப்பிலே பாடத்தைச் சுருக்கி, மாலையிற் பணங்கொடுப்பார்க்கு அதனையே விரிப்பார் ஒருவர் உளராயின், அவர் எத்துணைக் கற்றவராயினும் முடத்தெங்கேயாவர். மாலையிற் கற்பித்தல் குற்றமன்று. காலைக்குரிய காயை மாலைக்கென ஒளித்தலே குற்றம். காசில்லாத வீட்டுப் பிள்ளை அக்காயை அண்ணாந்து பார்த்து நிற்கின்றது.

இவ்வெட்டையும் ஒருங்கே பயிலப் புகுந்தால் ஒன்றும் நிலையாது. வாரத்துக்கு ஒன்றாகக் கொள்க. இரவிற் சிவபெருமானைச் சிந்தித்தபின், அவ்வாரத்து உவமையை எடுத்து, “இன்று நான் எவ்விடத்து இதற்கு ஒத்தேன், எவ்விடத்து மாறுபட்டேன்” என்று வினாவி, ஒரு வரி எழுதிவைக்க. எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஒரு தவணைக்குள் இது கூடும். அடுத்த தவணையில் மீளத் தொடங்கி, முன்னெழுதிய வரிகளோடு ஒப்புநோக்குக. அங்கே ஒரே குற்றம் மீண்டும் மீண்டும் வருதலைக் காண்போமாயின், அதுவே நாம் களையவேண்டிய வேரென்று தெளிக. ஒன்று மாத்திரம் கடிந்து விலக்கத்தக்கது: இவ்வளவைகளை அதிபர்மேலும் அயல்வகுப்பு ஆசிரியர்மேலும் வைத்து அளத்தல். பிறரை அளக்குந்தோறும் ஆணவம் வளரும்; தம்மை அளக்குந்தோறும் அது மெலியும்.

நேயர்களே, இதனை வற்புறுத்துதற்கு ஒரு காரணம் உண்டு. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் ஊர்தோறும் இருந்த பெரியோரும் அரும்பாடுபட்டுச் சைவ வித்தியாசாலைகளை வளர்த்தனர். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலன அரசினர் கைக்கு மாறின. கட்டடமும் நிலமும் முகாமையும் நம்மை விட்டு நீங்கின. அவற்றோடு நீங்காதது ஒன்றே: ஆசிரியரைச் சார்ந்து மாணாக்கன் நிறம் பெறுதல். அதனை எச்சட்டமும் எடுத்ததில்லை, எடுக்கவும் இயலாது. திருநீறணிந்த நெற்றியோடு நடுநிலையும் பொறையும் முகமலர்ச்சியுமுடைய ஓராசிரியர் நிற்கும் வகுப்பு, பெயர்ப்பலகையில் யாது எழுதப்பட்டிருப்பினும், சைவ வகுப்பேயாம். அக்குணங்கள் இல்லாதவழி, வாயிலிற் சைவம் என்று பொன்னெழுத்தாற் பொறித்தும் பயனில்லை.

ஆகவே, வரும் திங்கட்கிழமை நிலத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வாரம் முழுதும் பொறையைப் பயில்வோம். கற்பிக்குந்தோறும் கற்போமாக.

திருச்சிற்றம்பலம்.