பெயின்ட் வேலை நின்றால் கூலியும் நிற்க வேண்டுமா?

பழைய சுவரைச் சுரண்டிய பிறகுதான் பல வீடுகளில் ஓதம் வெளியே தெரியும். அதன் மேல் பார்த்த பட்டி நாலே நாளில் உப்புப் பூத்து உதிரும். கசிவை அடைத்து, சுவர் காயும்வரை பிரைமர் அடிக்க முடியாது. இது பெயின்டரின் தவறல்ல. ஆனால் 'முடிந்ததும் மொத்தமாக' என்று பேசியிருந்தால், குழாய்க் கசிவின் நஷ்டம் பெயின்டரான உங்கள் தலையில் விழும். அதனால் சுரண்டுவதற்கு, பட்டிக்கு, பிரைமருக்கு, கடைசி கோட்டுக்கு என்று கட்டம் கட்டமாகப் பணம் பேசுங்கள்.

'முடிக்காத வேலைக்கு எதற்குப் பணம்?' என்று வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு. பாதியில் விட்டுப் போனவர்களால் வந்த பயம் அது. நீங்கள் கேட்பதோ முடிந்த கட்டத்தின் கூலியை மட்டும். கடைசித் தொகை அவர் கையில்தான் இருக்கிறது. பேச்சில் இல்லாத கூடுதல் வேலையை இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்திருந்தால், அதன் பலனை அனுபவிப்பவர் ஈடு தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. ஆனால் அதைக் காட்டிக் கேட்க ஆதாரம் வேண்டும். ஓதம் கண்ட அன்றே போட்டோ எடுத்து, கூடுதல் செலவையும் நாட்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகே வேலையைத் தொடருங்கள்.