வளையம் எல்லோருக்கும் ஒரே உயரமா?



கற்பதில் பின்தங்கிய ஒரு பிள்ளையை மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைத்து, "நீ பார்த்துக்கொண்டிரு, அது போதும்" என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. அதை நாம் அன்பு என்றே நினைக்கிறோம். பிள்ளை விழுந்துவிடுமோ, மற்றவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயமே அதற்குக் காரணம். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓரத்திலேயே இருக்கும் பிள்ளைக்கு உடலும் தளர்கிறது, தோழமையும் கிடைப்பதில்லை. இந்த இதழின் பாடத்தில் கூடைப்பந்து என்னும் ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதன் கதவு எப்படித் திறந்தது, எங்கே அடைபட்டது, நாம் செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம்.

1. ஆட்டம் பிறந்த விதம்

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் ஆசிரியராக இருந்தார். இறையியல் கற்றவர் அவர். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் சலித்துப்போன மாணவர்களுக்காக, பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் அடித்துவைத்து, 13 விதிகளை எழுதினார். அந்த விளிம்பு 10 அடி உயரத்தில் இருந்தது, இன்றும் வளையம் 10 அடியில்தான் (3.05 மீட்டர்) இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. இந்த ஆட்டமே விளையாட முடியாதிருந்தவர்களின் நிலைமையைப் பார்த்து அமைக்கப்பட்டது. ஆகவே வேறு சிலருக்காக அதன் அளவுகளைச் சற்று மாற்றினால் ஆட்டத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

2. கதவு திறந்த விதம்

யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அம்மையாரின் மூத்த சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1962-இல் அம்மையார் மேரிலாந்தில் உள்ள தமது வீட்டு வளாகத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தினார். அந்த முயற்சி வளர்ந்து, 1968 ஜூலை 20 அன்று சிகாகோ நகரில் முதலாவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடந்தன. கூடைப்பந்தும் பின்னர் அதில் சேர்ந்தது. அங்கே மூன்று ஏற்பாடுகளைக் கவனியுங்கள்.

முதலாவது, தனித்திறன் போட்டி. அணியில் சேர்ந்து ஆட இன்னும் முடியாதவர் பந்தைக் குறிபார்த்து எறிதல், 10 மீட்டர் தூரம் தட்டிச்செல்லுதல், குறித்த இடங்களில் நின்று கூடையில் போடுதல் ஆகியவற்றைச் செய்கிறார். சுவரில் வரைந்த சதுரத்துக்குள் பந்து பட்டால் 3 புள்ளிகள். சதுரத்தைத் தொடாமல் சுவரில் பட்டாலும் 1 புள்ளி. திரும்பிவரும் பந்தைப் பிடித்தால் மேலும் 1 புள்ளி. வெறுங்கையோடு திரும்புகிறவர் அரிது. சிறுவர் பிரிவில் வளையத்தை 2.44 மீட்டருக்கு இறக்கவும் இடமுண்டு.

இரண்டாவது, பிரிவு முறை. வயது, பால், திறமை ஆகியவற்றைப் பார்த்து ஏறக்குறையச் சமமான அணிகளையே மோதவிடுகிறார்கள். ஆகவே கிடைக்கும் வெற்றி இரக்கப்பட்டுக் கொடுத்ததாக இராது. தோல்வியும் உண்மையான தோல்வியே.

மூன்றாவது, இணைந்த அணி. களத்தில் நிற்கும் ஐவரில் மூவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், இருவர் அக்குறைபாடு இல்லாத தோழர்கள். ஒரே சீருடை, ஒரே பயிற்சி. தோழர் பந்தைத் தாமே வைத்துக்கொண்டு புள்ளிகளைக் குவித்தால் அந்த அணியின் நோக்கமே கெட்டுவிடும்.

3. கதவு அடைபட்ட விதம்

2000-ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய ஒருவரே பத்திரிகையாளர். நடந்ததை அவர் வெளிப்படுத்தினார். 12 பேரில் 10 பேருக்கு அக்குறைபாடே இல்லை! பதக்கம் பறிக்கப்பட்டது. தண்டனையோ குற்றம் செய்யாதவர்கள்மேலும் விழுந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் எல்லாப் போட்டிகளும் பாராலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டன. 2012 லண்டனில் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகியவை திரும்பின. கூடைப்பந்து 2024 பாரிஸ் வரையிலும் திரும்பவில்லை.

எளியவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வலியவர்கள் வந்து உட்கார்ந்தால், இழப்பு ஒரு பதக்கத்தோடு நிற்பதில்லை. உண்மையாய் உழைத்த பல நாட்டு வீரர்களுக்கு முன் கதவு சாத்தப்படுகிறது. நம் கையிலுள்ள எந்த உதவிக்கும் இது பொருந்தும்.

4. களத்தில் இறங்குமுன்

மருத்துவ ஆலோசனை அவசியம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கலாம். சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கும். கழுத்து வலி, நடையில் மாற்றம், கைகால் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டவேண்டும். 1997 முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு போட்டிகளின்போதே கண், பல், காது முதலியவற்றை இலவசமாகச் சோதிக்கிறது. பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை என்று நாம் எண்ணிய பிள்ளைக்கு, பந்தே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம்!

பயிற்சி கொடுக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே கட்டளை போதும். சொல்வதைவிடச் செய்துகாட்டுங்கள். அதே வரிசையில் தினமும் திரும்பச் செய்யுங்கள். பதிலுக்குச் சற்றுக் காத்திருங்கள்.

சிந்திக்க

அ. நம் தெருவில், நம் பள்ளியில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார்?

ஆ. அந்தப் பிள்ளையை நாம் காப்பது அதன் நன்மைக்காகவா, நம் வசதிக்காகவா?

இ. நாம் இணைந்த அணியில் ஆடினால், பந்தை எத்தனை முறை கைமாற்றுவோம்?

இதைத் தொடங்கப் பெரிய அரங்கம் எதுவும் தேவையில்லை. ஒரு பந்து, சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்த ஒரு சதுரம், தினமும் மாலையில் அரைமணி நேரம் உடன் நிற்க ஒருவர். முதல் இரண்டும் எளிதில் கிடைக்கும். மூன்றாவதாக நிற்கப்போகிறவர் நம்மில் யார்?