நாட் விமானத்தின் மாதிரியுரு அமைத்தல்

நம் கல்லூரியிற் செய்யுள் வகுப்பு நடைபெறும்போது ஆசிரியர் குரல் இடையே நின்றுவிடுவதும், கூரைக்கு மேலே ஓர் இரைச்சல் எழுந்து தேய்ந்தபின் விட்ட அடியிலிருந்து பாடம் மீண்டுந் தொடங்குவதும் தாம்பரத்திற் பயின்றோர்க்குப் பழகிய செய்தி. கல்லூரி 1937ஆம் ஆண்டில் நகரத்து நெருக்கடியினின்றும் நீங்கி இக்காட்டிற்குக் குடிபெயர்ந்தது. விமானப் படையினரின் பறத்தற்கலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1954ஆம் ஆண்டிற் கிழக்குத் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது. ஆகவே இவ்வூரில் நாமே மூத்த குடிகள் என்று சொல்லிக்கொள்ளலாம். எனினும் வானம் அவர்களுடையது.

அவ்வானிற் பல்லாண்டு பறந்த பயிற்சி விமானங்களுள் கிரண் என்பது ஒன்று. கிரணின் இரண்டாம் வகைக்கு உயிராய் அமைந்தது ஆர்பியஸ் என்னும் பொறி. 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களிற் பறந்த நாட் என்னும் சிறு ஜெட் விமானத்தை உந்தியதும் அப்பொறியினமே. தலைக்குமேற் கேட்ட இரைச்சலின் உறவுமுறையை ஆராயப் புகுந்தே யான் இவ்விமானத்தை அறிந்தேன். அறிந்தபின் அதனை மரத்தில் வடிக்க வேண்டுமென்னும் ஆசை எழுந்தது. அம்முயற்சியில் யான் கற்றவற்றையும் கெடுத்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

நாட் என்னும் ஆங்கிலச் சொற்குக் கொசுகு என்பது பொருள். அதனை வரைந்தவர் பெட்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். கட்டியது போலண்டு கம்பெனி. போர் விமானங்கள் ஆண்டுதோறும் பருத்தும் விலையேறியும் வருதல் கண்டு, சிறியதும் மலிவானதுமாகிய ஒன்று அவ்வேலையைச் செய்யாதோ என்று அவர் எண்ணினார். 1955ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அது முதன்முறை பறந்தது. தாய்நாட்டு விமானப் படையோ அதனைப் போர்க்கெனக் கொள்ளவில்லை. இருவர் அமரும் பயிற்சி வகையை மட்டுமே ஏற்றது. 1956இல் இந்தியா உரிமம் பெற்று, பெங்களூரில் இந்துஸ்தான் தொழிற்சாலையிற் கட்டத் தொடங்கிற்று. பிறந்த வீட்டிற் கிடையாத பெயர் புகுந்த வீட்டிற் கிடைத்தது.

அதன் நீளம் 8.74 மீட்டர், இறக்கை நுனிமுதல் நுனிவரை 6.73 மீட்டர், உயரம் 2.46 மீட்டர். தாம்பரம் நிலையத்தெதிரே நிற்கும் மாநகரப் பேருந்து இதனினும் நீளம். எதிர்நின்ற சேபர் விமானத்தின் இறக்கை அகலம் 11 மீட்டருக்கு மேற்பட்டது. சிறுமையே இதற்குக் காப்பு. எதிரியின் கண் இதனைக் கண்டுபிடிக்குமுன் இது அருகில் வந்துவிடும். 1965 செப்டம்பர் 3ஆம் நாள் டிரெவர் கீலர் என்பார் இதிலிருந்து ஒரு சேபரைச் சுட்டதனால் 'சேபர் கொல்லி' என்னும் பட்டமும் வந்து சேர்ந்தது.

ஆனாற் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் நேர்மையன்று. அதே நாளில் மற்றொரு நாட் எல்லைக்கு அப்பால் பஸ்ரூர் என்னும் இடத்தில் இறங்கிப் பிடிபட்டது. கராச்சியிலுள்ள விமானப் படைக் காட்சிச்சாலையில் அது வைக்கப்பட்டது. இதன் பீரங்கிகள் சுடுநேரத்திற் சிக்கிக்கொள்ளுதல் உண்டு. வாலின் கட்டுப்பாட்டமைப்பும் விமானிகட்குத் தொல்லை தந்தது. இவற்றை மாதிரியுருவிற் காட்ட இயலாது. எனினும் காட்ட இயலாதவற்றையும் அறிந்துகொண்டே உளியை எடுத்தல் நலம்.

முதலில் அளவு. ஓரடிக்கு அரை அங்குலம், அஃதாவது இருபத்துநான்கில் ஒன்று என்னும் விகிதத்தை யான் கொண்டேன். அவ்வாறு கொள்ளின் உடல் 36.4 சென்டிமீட்டர், இறக்கை 28 சென்டிமீட்டர், உயரம் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. கடைகளில் நெகிழித் துண்டங்களாய்ப் பெட்டியில் விற்பன பெரும்பாலும் எழுபத்திரண்டில் ஒன்று. அவ்வளவில் நாட் உள்ளங்கையில் அடங்கிவிடும். அவை திருத்தமானவை, ஆயின் விலை மாணவர்க்கு எளிதன்று. மேலும் பிறர் வார்த்த துண்டங்களை ஒட்டுவோன் விமானத்தின் வடிவைக் கண்ணால் மட்டுமே கற்பான்; செதுக்குவோன் கையாலும் கற்பான்.

விகிதத்தைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். நீளம் இருபத்துநான்கில் ஒன்றாயின், பரப்பு 576இல் ஒன்றாகும். கனஅளவோ 13,824இல் ஒன்றாகும். மெய்விமானம் வெறுமையாய் நிற்கும்போது ஏறக்குறைய 2,200 கிலோகிராம் எடையுள்ளது. அதனை அவ்வெண்ணால் வகுப்பின் 160 கிராம் வரும். யான் செய்து முடித்த மரவிமானமோ 310 கிராம்! மெய்விமானம் உள்ளே எவ்வளவு வெறுங்கூடு என்பதை இக்கணக்குக் காட்டியதுபோல் எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை.

மரம் யாதாயினும் ஆகுமென்று எண்ணற்க. தேக்கு அழகியது, ஆயின் கடிது. முருக்கு இலேசானது, ஆயின் நார்நாராய்ப் பிரியும். கிழக்குத் தாம்பரத்துத் தச்சுப்பட்டறை ஒன்றில் கழித்துப்போட்டிருந்த குமிழ மரத்துண்டு எனக்கு வாய்த்தது. அது மென்மையும் ஒழுங்கான இழையும் உடையது, காய்ந்தபின் திருகாது. மகளிர் மூக்கிற்குக் குமிழம்பூவை உவமை கூறிய புலவர்கள், அம்மரத்தில் ஒரு விமானத்தின் மூக்கைச் செதுக்குவாருளர் என்று கண்டிலர். உளியும் அரமும் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையிற் பழையனவாக வாங்கினேன். பழைய அரம் தேய்ந்திருப்பது இவ்வேலைக்கு நன்மையே.

பக்கத் தோற்றம், மேல் தோற்றம் ஆகிய இரண்டையும் உரிய அளவில் அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்க. மரத்தின் இழை நீளவாட்டத்தில் ஓடுமாறு கட்டையை நிறுத்தி, முதலிற் பக்கத் தோற்றத்தைப் பதித்து இரம்பத்தால் அறுக்க. பின் மேல் தோற்றம். இப்பொழுது கையிலிருப்பது மூலைகளுடைய ஒரு மீன்போலிருக்கும். மூலைகளைச் சீவி உருட்டும்போது கண்ணை நம்பலாகாது. உடலின் ஐந்தாறு இடங்களுக்குக் குறுக்குவெட்டு வடிவங்களை அட்டையில் வெட்டி, வைத்து வைத்துப் பார்த்தே தேய்த்தல் வேண்டும். விமானியறையின் இருபுறமும் காற்றுவாய்கள் உள்ளன. அவற்றின் வெளிச்சுவரிற் பக்கத்திற்கு ஒன்றாக 30 மில்லிமீட்டர்ப் பீரங்கிகள் உறையும். நம் அளவில் அப்பீரங்கியின் வாய் ஒன்றேகால் மில்லிமீட்டர். பழுக்கக் காய்ச்சிய கோணியூசி அதற்குப் போதும்.

இணையத்திற் படம் தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 1965முதல் 1979வரை இங்கிலாந்தின் சிவப்பு அம்புகள் என்னும் சாகசக் குழுவினர் பறத்திய நாட், இருவர் அமரும் பயிற்சி வகை. அதன் இறக்கை பெரிது, மூக்கும் வேறு. செந்நிறப் படங்களே மிகுதியும் கிடைப்பதால், ஒருவர் அமரும் போர்வகையென்று எண்ணிப் பயிற்சிவகையைச் செதுக்கிவிடுதல் எளிது. என் முதற்கட்டை அவ்வாறே அடுப்புக்குப் போயிற்று.

விமானியறையின் கண்ணாடி மூடிக்கு யான் கையாண்ட வழி மலிவானது. அம்மூடியின் வடிவை மரத்திற் செதுக்கி, குடிநீர் விற்கும் பிளாஸ்டிக் புட்டியின் நடுப்பகுதிக்குள் அதனை நுழைத்து, தணலுக்கு ஒரு சாண் உயரத்திற் பிடித்துத் திருப்பினால், புட்டி சுருங்கி மரத்தைத் தோல்போற் கவ்விக்கொள்ளும். ஆறியபின் கூரிய கத்தியால் அறுத்தெடுக்க. நான்கு புட்டிகள் கருகின. ஐந்தாவது தெளிவாய் அமைந்தது.

இறக்கையிலேதான் யான் பெரும்பிழை செய்தேன். கால் அங்குலப் பலகையில் அதனை வெட்டி, நாற்பது பாகை பின்னோக்கிச் சாய்த்து, மூங்கில் முளைகளால் உடலோடு பொருத்திப் பசையிட்டேன். நேராக, தராசுத்தட்டுப்போல், இருபுறமும் சமனாக நிற்பது கண்டு மகிழ்ந்தேன். என் தாத்தா இளமையில் விமானப் படையிலே உடற்கூட்டுப் பணியாளராய் வடக்கே ஒரு தளத்திலிருந்தவர். இப்பொழுது கண்ணிற் புரை படர்ந்து, வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும். அவர் மடியில் அதனை வைத்தேன். பேர் சொல்லவில்லை. மூக்கிலிருந்து வால்வரை இருகையாலும் தடவினார், காற்றுவாயில் விரல் நுழைத்தார், "நாட்" என்றார். மீண்டும் இறக்கையைத் தடவி, "தம்பி, இது பறக்காதப்பா, இறக்கை கொஞ்சம் கீழே தொங்கணும். அதைத் தொட்டுத் தொட்டுத் துடைத்த கை இது" என்றார்.

படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதே உண்மை. உடலின் மேற்பாதியிற் பொருந்தியிருக்கும் நாட்டின் இறக்கை, நுனி நோக்கிச் சற்றே தாழ்ந்து செல்வது. பின்சாய்ந்த இறக்கை உயரத்திற் பொருந்தும்போது விமானம் பக்கவாட்டில் அளவுக்கு மிஞ்சிய உறுதி கொண்டு, திரும்பச் சொன்னால் திரும்பாத பிடிவாதம் உடையதாகும். அதனைத் தணிக்கவே இத்தாழ்வு. ஒரு கிழமை உழைத்த பொருத்தை வெந்நீர்த் துணியிட்டு இளக்கி, முளைத்துளைகளைச் சாய்த்துத் துளைத்து, மீண்டும் ஒட்டினேன். மறுமுறை தாத்தா தடவியபோது ஒன்றுஞ் சொல்லவில்லை. அடுத்தபடி கால்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாட்டின் சக்கரக்கால்கள் தரையில் நிற்பதற்கு மட்டுமல்ல, அரைகுறையாய்க் கீழிறக்கப்படும்போது வானில் வேகந் தணிக்கும் தடையாகவும் பயன்பட்டன என்று அவரிடமே கேட்டறிந்தேன்.

இனி வண்ணம். யான் தீட்டியது, படைக்கு வந்த தொடக்கக் காலத்து வெள்ளிநிறத் தோற்றம். வெள்ளிநிறம் எந்தக் கீறலையும் மறைக்காது, மறைந்திருந்ததையும் காட்டிக்கொடுக்கும். ஆதலால் முதலிற் பட்டி பார்த்து, உப்புத்தாளிற் பருமுதல் நுண்மைவரை மூன்று தரத்தால் தேய்த்து, சாம்பல்நிறப் பிரைமர் பூசி, அதன்மேற் பளபளப்பான கறுப்பு எனாமல் ஒரு பூச்சுப் பூசி, அது முற்றுங் காய்ந்தபின்னரே வெள்ளியைத் தொடல் வேண்டும். கறுப்பின்மேற் பூசிய வெள்ளியே உலோகம்போல் தோன்றும். பூச்சு மெல்லியதாதலும் இன்றியமையாதது. கால் மில்லிமீட்டர்த் தடிப்பு நமக்கு ஒன்றுமில்லை. மெய்யளவில் அஃது ஆறு மில்லிமீட்டர் ஆகிவிடும். அத்தகைய கவசம் பூண்ட விமானம் எழும்புமா? வால்புறத்திற் பொறியின் வெப்பம் வெளிவரும் இடத்தைச் சுற்றிச் சிறிது பழுப்புக் கலந்து மங்கச் செய்க.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்தில் வண்ணம் பூசவே கூடாது. வண்ணத்திலுள்ள நீர்மம் ஆவியாகும்போது, மட்பானை குளிர்வதுபோல் மேற்பரப்பு குளிர்கின்றது; மழைநாட் காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து, பால் படர்ந்தாற்போல் பூச்சு வெளிறிப்போம். யான் அவசரத்தால் ஓர் அடைமழை மாலையிற் பூசி, தை பிறந்தபின் முழுதுந் தேய்த்தெடுத்தேன்.

வட்டச் சின்னத்தில் வெளிவளையம் காவி, நடுவளையம் வெள்ளை, உள்வட்டம் பச்சை. முழுவட்டத்தையும் முதலில் வெள்ளையாகத் தீட்டி, காய்ந்தபின் தாளில் வெட்டிய அச்சுகளை வைத்து மற்ற இரண்டையும் தீட்டுக. வெள்ளியின்மேல் நேரே பூசிய காவி செங்கல்நிறமாய் இருண்டுவிடும்.

தமிழ் மாணவனாதலின் சொற்களோடும் சற்றுப் போராடினேன். புறநானூற்றில் வலவனின்றிச் செல்லும் வானவூர்தி உண்டு. சீவக சிந்தாமணியிலோ பொறியின் இயக்கமே சொல்லப்படுகின்றது. வலமாகத் திரித்தால் எழும்பும், இடமாகத் திரித்தால் இறங்கும். சச்சந்தன் அம்மயிற்பொறியைச் செய்வித்தது யாரையும் தாக்குதற்கன்று, கருவுற்ற விசயை உயிர்தப்புதற்கு என்பதை, பீரங்கித் துளைகளைக் கோணியூசியாற் சுட்டுக்கொண்டிருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

அந்நினைவு எளிதில் நீங்கவில்லை. விமானியறையின் கீழே, வீழ்த்திய பகைவிமானங்களுக்கு அடையாளமாகச் சிறு குறிகள் இடுவது மாதிரியுரு அமைப்போர் பலரின் வழக்கம். மூன்று குறிகள் இடுவதென எண்ணியிருந்தேன். 1971 நவம்பர் 22ஆம் நாள் வங்காளத்துப் பொய்ராவின் மேல் ராய் மாசி, கணபதி, டொனால்டு லாசரஸ், சோரஸ் ஆகிய நால்வர் நாட் விமானங்களிற் சென்று சேபர்களோடு பொருதனர். மூன்று வீழ்ந்தன என்று நம்மவர் கூறினர். இரண்டே என்றனர் அவர்கள். வான்குடையாற் குதித்துச் சிறைப்பட்ட விமானிகள் இருவர். அவருள் ஒருவர் பர்வேஸ் மெக்தி குரேஷி. அவர் பின்னர் 1997இல் தம் நாட்டு விமானப் படையின் தலைமைத் தளபதியானார். அவ்வுயர்வு குறித்து, அன்று எதிர்நின்ற லாசரஸ் வாழ்த்துக் கடிதம் எழுதினார். குரேஷியிடமிருந்து மறுமொழியும் வந்தது.

இதனைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டி, குறிகள் மூன்றா இரண்டா என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். "காலையில் எத்தனை போச்சுதுன்னு எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் எத்தனை திரும்பி வந்ததுன்னு எண்ணுவோம். நாங்கள் எண்ணினது அவ்வளவுதான்" என்றார்.

குறியிடவில்லை. இரு பூச்சு மங்கல் வார்னிஷ் இட்டு, மூன்று நாள் நிழலிற் காயவிட்டேன். இப்பொழுது அது தாத்தாவின் கட்டிலருகே, கை எட்டும் உயரத்தில் இருக்கின்றது. தடவித் தடவி இடப்புற இறக்கை நுனியில் வெள்ளி தேய்ந்து கறுப்புத் தெரிகிறது. வரும் பங்குனியில் மீண்டும் பூச வேண்டும்.