போரின் பின் தூது: எக்குவடோரும் பேருவும் கற்பிக்கும் பாடம்

பாரதக் கதையிலே கண்ணபிரான் தூது சென்ற வரலாற்றை அறியாதார் நம்முள் இலர். அரசிற் பங்கு கேட்கச் சென்ற தூது, ஈற்றில் ஐந்து ஊர் கேட்கும் அளவிற்குத் தணிந்தது. ஊசிமுனையளவு நிலமும் ஈயேன் என்றான் துரியோதனன். அம் மறுப்பின் பயன் பதினெட்டு நாட் பெரும்போர். தூது தோற்றதனால் விளைந்த கேட்டினை நாம் இளமை தொட்டே கற்று வருகின்றோம். போர் நிகழ்ந்த பின்னர்த் தூது சென்று வென்ற வரலாறுகளைக் கற்பதோ அரிதாகவுள்ளது. அத்தகைய வரலாறொன்றை, தென்னமெரிக்காவின் எக்குவடோர், பேரு என்னும் இரு நாடுகளின் வாயிலாக ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இவ்விரு நாடுகளும் பசுபிக் கரையில் அடுத்தடுத்து அமைந்தவை. இரண்டும் ஸ்பானிய ஆட்சியினின்று விடுபட்டவை. இரண்டிலும் பெருவழக்கிலுள்ள மொழியும் சமயமும் ஒன்றே. அந்தீசு மலைத்தொடர் இரண்டையும் ஊடறுத்துச் செல்கின்றது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் பகைமை நீங்கிற்றில்லை. என்னை? ஸ்பானியர் வகுத்த மாகாண எல்லைகள் அமேசன் காட்டினுள்ளே தெளிவின்றிக் கிடந்தன. அக் காட்டுநிலம் தன்னதே என ஒவ்வொரு நாடும் வாதிட்டது.

1941ஆம் ஆண்டில் வாதம் போராக மூண்டது. பேரு வென்றது. 1942 சனவரி 29இல் றியோ டி ஜெனீரோ நகரிலே ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆர்ஜென்டீனா, பிரேசில், சிலி, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய நான்கும் அவ்வுடன்படிக்கைக்குப் பிணை நின்றன. எல்லை முற்றாக வரையறுக்கப்படும் வரை தம் பணி நீங்காது என்பதும் அதனுள் எழுதப்பட்டது. இவ்வொரு விதியே அரை நூற்றாண்டின் பின் பெரும்பயன் தந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

எல்லையின் பெரும்பகுதியில் அடையாளக் கற்கள் நடப்பட்டன. ஆயின், கொண்டோர் மலைத்தொடரிலே வேலை தடைப்பட்டது. சமோரா, சந்தியாகோ என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நீர்பிரி மேடே எல்லை என்று உடன்படிக்கை கூறியது. பின்னர் விமானத்திலிருந்து நிலத்தைப் படம் பிடித்து ஆராய்ந்தபோது, அவ்விரு ஆறுகளுக்கும் இடையே செனெபா என்னும் ஆறு எண்ணியதினும் மிக நீண்டு ஓடுவது தெரிய வந்தது. இடையில் மூன்றாவது ஆறொன்று உண்டெனின் நீர்பிரி மேடு ஒன்றன்று, இரண்டாகும். எழுத்தில் உள்ள எல்லை நிலத்தில் இல்லையாயிற்று! ஏறத்தாழ 78 கிலோமீற்றர் தூரம் கல் நடப்படாமலே நின்றது. 1960ஆம் ஆண்டில் எக்குவடோர்ச் சனாதிபதி வெலாஸ்கோ இபாரா, உடன்படிக்கையே செல்லாது என அறிவித்தார்.

இதன்பின் நிகழ்ந்தது ஆசிரியரும் மாணவரும் சிந்திக்கத்தக்கது. இழந்த அமேசன் நிலத்தையும் சேர்த்து வரைந்த நாட்டுப்படத்தைப் பார்த்தே எக்குவடோர்ச் சிறார் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தனர். உடன்படிக்கை முடிந்த முடிபு. அதிற் பேசுவதற்கு யாதுமில்லை என்பது பேருவின் நிலை. ஒரு பக்கத்தார்க்கு அது தீராப் புண். மறுபக்கத்தார்க்கு அது மூடிய ஏடு. இத்தகைய நிலையில் மந்திரிமார் உடன்பட விரும்பினும் மக்கள் அதனைத் துரோகம் என்பர். 1981இல் ஒரு மோதல் நிகழ்ந்தது. 1995 சனவரியிலே செனெபா ஆற்றின் தலைப்பகுதியில் மீண்டும் போர் வெடித்தது. திவின்சா என்னும் சிறு காவலிடம் இரு நாட்டுச் செய்தித்தாள்களிலும் மானத்தின் சின்னமாயிற்று.

பிணை நின்ற நான்கு நாடுகளும் காலந்தாழ்த்தாது முன்வந்தன. 1995 பெப்ரவரி 17இல் பிரேசில் வெளிநாட்டமைச்சின் இல்லமாகிய இத்தாமராத்தியிற் போர்நிறுத்தப் பிரகடனம் கைச்சாத்தாயிற்று. நான்கு நாட்டு இராணுவ நோக்காளர் காட்டினுள் சென்று இரு படைகளையும் பிரித்து நிறுத்தினர். நோக்காளரின் செலவைப் போரிட்ட இரு நாடுகளுமே ஏற்றன. செலவைத் தாம் ஏற்பவர் பணி விரைவில் முடிதலை விரும்புவர் அன்றோ?

படைகளைப் பிரித்தல் சில மாதத்து வேலை. மனங்களை இணக்குதலோ மூன்றாண்டிற்கு மேற்பட்ட வேலையாயிற்று. இங்கேதான் இராசதந்திரத்தின் நுட்பம் விளங்குகின்றது. எக்குவடோர், தான் செல்லாதென்று கூறி வந்த உடன்படிக்கையை மீண்டும் அடிப்படையாக ஏற்றது. பேரு, பேசுவதற்கு ஏதுமில்லை என்ற நிலையை விட்டுப் பேச வந்தது. ஒவ்வொருவரும் ஒரு படி இறங்கினர். ஒருவர் மட்டும் இறங்கவில்லை. அடுத்து, சிக்கலை ஒரே முடிச்சாகப் பற்றி இழுக்காமல் 1997இல் வெவ்வேறு இழைகளாகப் பிரித்தனர். வணிகமும் நீர்வழிப் போக்குவரத்தும் ஒன்று, எல்லைப்புற மக்களின் அபிவிருத்தி ஒன்று, நிலஎல்லை ஒன்று, படைகளுக்கிடையே நம்பிக்கை வளர்த்தல் ஒன்று. எளியவை முன்னேறின, எல்லைக் கோடு மட்டும் ஈற்றில் எஞ்சியது.

1998 ஆகஸ்டில் மீண்டும் போர் மூளும் அச்சம் எழுந்தது. அம் மாதத்திலேயே எக்குவடோரிற் பதவியேற்ற சனாதிபதி ஜமீல் மஹுவாத்தும், பேருச் சனாதிபதி அல்பேர்ட்டோ புஜிமோரியும், எஞ்சிய முடிச்சை அவிழ்க்குமாறு பிணைநாடுகளை வேண்டினர். அவை ஒரு நிபந்தனை விதித்தன. தாம் கூறப்போகும் தீர்வு யாதாயினும் அதற்குக் கட்டுப்படுவோம் என இரு பாராளுமன்றங்களும் முன்கூட்டியே இசைய வேண்டும் என்பதே அது. அவ்வாண்டு ஒக்டோபரில் இரண்டும் இசைந்தன. தீர்ப்பைக் கேட்ட பின் ஏற்பதா மறுப்பதா என வாதிடும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது.

தீர்வு யாது? எல்லைக் கோடு பேருவின் வாதத்திற்கு இணங்க மலையுச்சி வழியே சென்றது. ஆகவே, திவின்சா பேருவின் ஆட்சிக்குட்பட்டது. ஆயின், எக்குவடோர் வீரர் உயிர்நீத்த அவ்விடத்தில் ஒரு சதுர கிலோமீற்றர் நிலம் எக்குவடோருக்கு என்றென்றைக்கும் தனியார் சொத்தாக வழங்கப்பட்டது. ஆட்சியுரிமை பேருவுடையது, உடைமையுரிமை எக்குவடோருடையது. அங்கே படைகொண்டு நிற்றல் இயலாது. இறந்தோரை நினைவுகூர்தல் இயலும். எல்லையின் இரு மருங்கும் இயற்கைக் காப்பு வனங்கள் ஆக்கப்பட்டன. அமேசன் ஆற்றுவழியே கப்பல் செலுத்தவும் வாணிகம் நடத்தவும் எக்குவடோர் உரிமை பெற்றது. எல்லைப்புறத்தை வளம்படுத்தப் பத்தாண்டில் 300 கோடி டொலர் திரட்டுவதற்குத் திட்டம் வகுக்கப்பட்டது. 1998 ஒக்டோபர் 26இல் பிரேசிலியா நகரிற் சமாதானம் கைச்சாத்தாயிற்று. 1999 மே மாதத்தில் இறுதி எல்லைக்கல்லும் நடப்பட்டது.

ஒரு சதுர கிலோமீற்றர்! நாட்டுப்படத்தில் அஃது ஊசிமுனையளவே. துரியோதனன் மறுத்ததும் ஊசிமுனையளவு. ஈண்டுப் பேரு அளித்ததும் ஊசிமுனையளவு. ஆயினும், ஒன்று குலத்தை அழித்தது. மற்றொன்று இரு நாடுகளை வாழ்வித்தது. தோற்ற பக்கத்தார் தம் மக்களிடம் வெறுங்கையராய்த் திரும்பாதிருத்தல் வேண்டும் என்பதை அறிந்து ஈந்தமையே வேறுபாடு.

இச் சமாதானம் எல்லாரையும் மகிழ்வித்ததெனக் கூறுவார் உண்மை கூறாதவராவர். பேருவின் வெளிநாட்டமைச்சர் எடுவார்டோ பெரேரோ தீர்வின் போக்கை ஏற்காது பதவி துறந்தார். அமேசன் கரையிலுள்ள இக்கித்தோஸ் நகரிற் கலகம் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. எக்குவடோரிலே, முன்னோர் கொடுத்த நாட்டுப்படம் கைநழுவியதென்று வருந்தியோர் பலர். புதைத்த கண்ணிவெடிகளைக் கைச்சாத்து அகற்றிவிடாது. அவற்றைத் தேடியெடுக்கும் வேலை பல்லாண்டு தொடர்ந்தது. எல்லைக்கு இருபுறமும் வாழும் சுவார், அச்சுவார் முதலிய ஆதிக்குடிகளின் மண்ணிலேயே போரும் நடந்தது, வெடியும் புதைந்தது.

இனி, இவ்வரலாற்றின் பயனைத் தொகுத்துக் கூறுவாம். முதலாவது, பிணை நிற்போர் நெடுங்காலம் விலகாது நிற்றல் வேண்டும். 1942இற் கொடுத்த சொல் 1998இலே பயன் தந்தது. இரண்டாவது, நிலம், மானம், பிழைப்பு என்பன ஒன்றோடொன்று பிணைந்து தோன்றினும் அவற்றைப் பிரித்து நோக்குதல் வேண்டும். கோடு ஒருவர்க்கும், நினைவிடம் மற்றொருவர்க்கும், ஆற்றுவழி இருவர்க்கும் உரியதாகலாம். மூன்றாவது, உடன்படிக்கை தலைவர்களின் கையெழுத்தில் மட்டும் நிற்றலாகாது. மஹுவாத் 2000 சனவரியிற் பதவி இழந்தார். புஜிமோரியின் ஆட்சியும் அவ்வாண்டு நவம்பரில் முடிவுற்றது. கையொப்பமிட்ட இருவரும் வீழ்ந்தனர், கையொப்பமோ வீழ்ந்திலது. பாராளுமன்றங்களின் இசைவும் நால்வரின் பிணையும் அதனைத் தாங்கின. அன்று தொட்டு இவ்விரு நாடுகளும் ஒன்றோடொன்று போர் செய்ததில்லை.

கல்லூரியில் நாம் நாட்டுப்படம் வரைந்த நாட்களை எண்ணுக. எல்லைக் கோட்டை அழுத்தமாக வரையக் கற்றோம். அதன் இருமருங்கும் மனிதர் வாழ்கின்றனர் என்பதை வரையும் எழுதுகோல் நம்மிடம் இருந்ததில்லை. நாளை அரசியலிலும் அலுவலகத்திலும் ஊர்ச்சபையிலும் வழக்குத் தீர்க்க அமரப்போகும் மாணவர், யார் வென்றார் எனக் கேட்குமுன், தோற்றவர் எதனைக் கையிற்கொண்டு வீடு திரும்புவார் எனக் கேட்கப் பழகுவாராக. அக்கேள்விக்கு விடை காண்பதே தூது.