பெட்டியில் இருக்கும் காகிதம் ஏன் பழுக்கிறது?

டோம்பிவிலி சாலில் இருக்கும் வீடானாலும் சரி, தாராவிச் சந்தில் இருக்கும் வீடானாலும் சரி. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு பை இருக்கும். பையில் ரேஷன் கார்டு இருக்கும். பழைய மின்சார ரசீது இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து நிலத்தின் பட்டாவும் இருக்கும்.

இவை வெறும் காகிதமா? இல்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் ஒரு விதி உண்டு. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். முன்பே குடியிருந்தோம் என்று வாயால் சொன்னால் போதாது. காகிதம் பேச வேண்டும். 25 ஆண்டுக்கு முந்தைய காகிதம் அது. எடுத்து விரித்தால் மடிப்பில் இரண்டாகக் கிழிகிறது. ஓரம் அப்பளம் போல நொறுங்குகிறது. தேதி இருந்த இடத்தில் ஓட்டை. அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

ஆனால் புனேயில் உள்ள பேஷ்வா தப்தருக்குப் போய்ப் பாருங்கள். மராட்டிய ஆட்சிக் காலத்துக் கணக்குகள் அங்கே உள்ளன. மோடி எழுத்தில் எழுதியவை. 200 ஆண்டு கடந்தவை. அவற்றில் பல இன்றும் விரித்துப் படிக்கும் நிலையில் இருக்கின்றன. 200 ஆண்டுக் காகிதம் நிற்கிறது. 25 ஆண்டுக் காகிதம் உதிர்கிறது. இது எப்படி?

காகிதம் எதனால் ஆனது என்று பார்த்தால் விடை கிடைக்கும். எல்லாச் செடியிலும், மரத்திலும் செல்லுலோஸ் என்ற பொருள் இருக்கிறது. அது ஒரு நீளமான சங்கிலி. அதன் கண்ணிகள் ஒருவகைச் சர்க்கரை. ஒரு சங்கிலியில் ஆயிரக்கணக்கான கண்ணிகள். சங்கிலி நீளமாக இருந்தால் காகிதம் உறுதி. சங்கிலி அறுந்து துண்டானால் காகிதம் நொறுங்கும்.

பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். மரத்தில் ஏறக்குறைய பாதிதான். மரத்தில் லிக்னின் என்ற இன்னொரு பொருளும் உண்டு. மரத்தைக் கெட்டியாகப் பிடித்து வைப்பது அதுதான். வெயில் பட்டால் காகிதத்தை மஞ்சளாக்குவதும் அதுதான். அந்தக் காலத்தில் ஜுன்னர் போன்ற ஊர்களில் காகிதத்தைக் கையால் செய்தார்கள். கந்தல் துணியும் நாரும் அதற்கு உதவின. பிறகு ஆலைகள் வந்தன. மரக்கூழில் காகிதம் செய்தார்கள். மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் ஒருவகைப் பிசினும் சேர்த்தார்கள். காகிதம் மலிவாயிற்று. ஆனால் படிகாரம் காகிதத்துக்குள் அமிலத்தை உண்டாக்கியது. அமிலமும் ஈரமும் சேர்ந்து செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கின்றன. வெப்பம் அந்த வேலையை விரைவாக்குகிறது. மும்பையில் ஈரத்துக்குப் பஞ்சமா? தகரக் கூரையின் கீழ் வெப்பத்துக்குத்தான் பஞ்சமா?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு செய்தித்தாளை எடுங்கள். பாதியை ஓர் அட்டையால் மூடுங்கள். ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். பிறகு அட்டையை எடுத்துப் பாருங்கள். மூடாத பாதி பழுத்திருக்கும்.

ஆவணக் காப்பகங்களில் இதைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. சோதனைக்கூடத்தில் அளக்கிறார்கள். காகிதத்தின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தூய நீர் விடுவார்கள். அதன்மேல் ஒரு கருவியை வைப்பார்கள். கருவி ஓர் எண் காட்டும். 7 என்றால் நடுநிலை. அதற்குக் குறைந்தால் அமிலம். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். லிக்னின் இருக்கிறதா என்று அறிய ஒரு மருந்து உண்டு. அதை ஒரு சிறு நாரில் தொட்டால் நார் சிவக்கும். சங்கிலியின் நீளத்தை அளக்க இன்னொரு வழி. காகிதத் துணுக்கை ஒரு நீல நிற நீர்மத்தில் கரைப்பார்கள். அது கெட்டிக் கஞ்சி போல மெதுவாக ஓடினால் சங்கிலி நீளம். வடித்த தண்ணீர் போல ஓடினால் சங்கிலி அறுந்துவிட்டது.

அமிலத்தை எப்படிப் போக்குவது? சுண்ணாம்பால்தான். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே குடும்பத்துப் பொருள். அமெரிக்காவைச் சேர்ந்த பாரோ என்பவர் இந்த முறையைப் பரப்பினார். முதலில் மை கரையுமா என்று பார்ப்பார்கள். கரையாது என்றால், தெளிந்த சுண்ணாம்பு நீரில் காகிதத்தை நனைத்து எடுப்பார்கள். அமிலம் அடங்கிவிடும். ஆனால் அறுந்த சங்கிலி மறுபடி ஒட்டாது. இதை வீட்டில் செய்யவே கூடாது. ரப்பர் முத்திரையின் மை ஓடிவிட்டால் காகிதம் இருந்தும் பயனில்லை.

பலரும் வேறொரு தவறு செய்கிறார்கள். நல்லது என்று எண்ணி, கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். இயந்திரத்தின் சூட்டில் பிசின் உருகிக் காகிதத்துக்குள் இறங்குகிறது. பிறகு பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ரேஷன் கார்டில் புதிய பெயர் எழுத முடியாது. சான்றிதழின் பின்புறம் முத்திரை வைக்க முடியாது. தில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் லேமினேஷன் என்று ஒரு முறை உருவானது. அது வேறு. அதில் சூடு கிடையாது. மெல்லிய தாளையும் ஒரு தகட்டையும் அசிட்டோன் என்ற நீர்மத்தால் கையாலேயே ஒட்டுவார்கள். வேண்டும்போது அதே நீர்மத்தால் பிரிக்கலாம். பிரிக்க முடியாத எதையும் காப்பகத்தில் ஒட்டமாட்டார்கள். செலோடேப்பும் அதனால்தான் ஆகாது. சில ஆண்டில் அதன் பசை பழுப்பாகிக் காகிதத்தில் இறங்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவுதான். குண்டூசியை எடுத்துவிடுங்கள். துரு காகிதத்தைத் தின்னும். மடித்ததை விரித்து வையுங்கள். ஓர் உறையில் ஒரு தாள். நாற்றம் அடிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம். எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். அதன் அமிலம் நல்ல காகிதத்துக்கும் ஏறும். பெட்டியைத் தரையிலும் வைக்காதீர்கள், கூரைத் தகரத்தை ஒட்டியும் வைக்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து வேறு ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கல்யாண், டோம்பிவிலிப் பக்கமும் வெள்ளம் புகுந்தது. அப்படிக் காகிதம் நனைந்துவிட்டால் பதற வேண்டாம். ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். மையைத் துடைக்காதீர்கள். வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பழைய வெள்ளைத் துணிமேல் பரப்புங்கள். மின்விசிறிக் காற்று மெதுவாகப் படட்டும். துணி ஈரமானால் மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் உலர்த்திவிட வேண்டும். அதற்குமேல் போனால் பூஞ்சை பிடிக்கும்.